என்பும் தசையும் மூப்பும்

மூப்பெய்தினார் ஒருவரைக் காணுங்கால், அவர்தம் நரையினும் திரையினும் முன்னே நம் கண்ணிற்படுவது அவர் தரையினின்று எழுந்திருக்கும் வகையேயாம். இரு கைகளையும் முழங்காலில் ஊன்றி, ஒருமுறை முயன்று மீண்டும் அமர்ந்து, மறுமுறை எழுவர். நாமோ, 'வயதாயிற்று' என்று கூறி அமைகின்றோம். அவ்வொரு சொல்லினுள் என்பு, மூட்டு, தசை என்னும் மூன்றன் வரலாறு அடங்கிக்கிடக்கின்றது. அதனை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

உலர்ந்த எலும்பைச் சோதனைச்சாலையிற் கண்டு பழகிய மாணவர் பலர், அதனைக் கல் போன்றதொரு சடப்பொருளென எண்ணுவர். உயிருள்ள உடம்பின் என்போ, ஓயாது இடிக்கப்பட்டும் கட்டப்பட்டும் வருகின்ற மனையை ஒக்கும். ஒருவகை உயிரணுக்கள் பழைய என்பைக் கரைக்க, வேறொருவகை அணுக்கள் அவ்விடத்தே புதியதை இடுகின்றன. இவ்வாறு ஆண்டொன்றுக்கு எலும்புக்கூட்டிற் பத்திலொரு பங்களவு புதுப்பிக்கப்படுகின்றது. இளமையிற் கட்டுவோர் கை ஓங்கிநிற்கும்; ஏறக்குறைய 30 வயதளவில் என்பின் செறிவு உச்சத்தை எய்தும்; பின்னர் இடிப்போர் கை மெல்ல மேலோங்கும். மகளிர்க்கு மாதவிடாய் நின்றபின் சில ஆண்டுகள் இவ்விழப்பு மிக விரைந்து நிகழும். முதுகெலும்பின் மணிகள் அமுங்கிக் கூன் விழுதலும், சிறு வீழ்ச்சியிலேயே தொடையெலும்பின் கழுத்து முறிதலும் இதன் விளைவாம்.

என்பு தான் தாங்கும் பாரத்துக்கேற்பத் தன்னை அமைத்துக்கொள்ளும் என்பதனை ஜெர்மானிய அறுவை மருத்துவர் ஜூலியஸ் உல்ப் என்பார் 1892-இல் ஒரு நூலாக வெளியிட்டார். டென்னிஸ் ஆடுவாருடைய பந்தடிக்குங் கையின் என்பு மற்றைக் கையினதினும் பருத்திருத்தல் இதற்குச் சான்று. விண்வெளிக் கலத்திற் பாரமின்றி மிதப்போர்க்கு இடுப்பெலும்பின் தாதுப்பொருள் திங்களொன்றுக்கு நூற்றுக்கு 1 முதல் 1.5 வரை குறைகின்றது. அவர்கள் நோயாளிகளல்லர், பலரினின்றும் தேர்ந்தெடுக்கப்பட்ட உடற்கட்டினர். ஆதலின், என்பு மெலிதற்கு மூப்பு ஒன்றே காரணமன்று என்பது தெளிவாம்.

மூட்டின் நிலை வேறு. எலும்பின் முனைகளைப் போர்த்திருக்குங் குருத்தெலும்பில் குருதிக்குழாய் இல்லை. 2016-இல் டென்மார்க்கு நாட்டு ஆராய்ச்சியாளர் முழங்காற் குருத்தெலும்பின் வயதை ஆராய்ந்தனர். 1950-களிலும் 1960-களிலும் நிகழ்ந்த அணுகுண்டுச் சோதனைகளாற் காற்றில் மிகுந்த கதிரியக்கக் கரியே அவர்க்கு நாட்காட்டியாயிற்று. குருத்தெலும்பின் நார்ப்பொருள் பிள்ளைப்பருவத்திலேயே அமைந்து, பின்னர் ஏறத்தாழப் புதுப்பிக்கப்படுவதே இல்லை எனக் கண்டனர். எழுபது வயதினர் பள்ளிச் சிறாராயிருந்தபோது நெய்யப்பட்ட துணியின்மீதே இன்றும் நடக்கின்றனர்!

அங்ஙனமாயின் நடையைக் குறைத்தால் மூட்டுத் தேயாதன்றோ என்று வினவுவாரும் உளர். குருதி பெறாத அவ்வுறுப்புக்கு உணவூட்டுவது மூட்டினுள் ஊறும் நீரேயாம். நடக்கும்போது கடற்பஞ்சு போல் அழுந்தியும் விரிந்தும் குருத்தெலும்பு அந்நீரைப் பெறுகின்றது. நடை நின்றால் அவ்வூட்டமுங் குறையும். மூட்டைச் சேதப்படுத்துவனவற்றுள் மிகையான உடற்பருமனும் பழைய காயங்களும் முன்னிற்பன.

இனித் தசை. முப்பதின்மேற் பத்தாண்டுக்கு நூற்றுக்கு 3 முதல் 8 பங்கு தசை குறையும். அறுபதின்மேல் இன்னும் விரையும். வலிமையோ தசையினும் விரைவாகக் குறையும். விரைந்து சுருங்கும் நார்களே பெரிதும் மெலிகின்றன. கால் இடறியவுடன் உடம்பைத் தாங்கிப் பிடிப்பன அவையே. முதியோர் விழுதற்கு இஃதொரு பெருங்காரணம். இக்குறைவுக்கு 1989-இல் இர்வின் ரோசன்பர்க்கு என்பார் கிரேக்கச் சொற்களால் 'சார்கோபீனியா' எனப் பெயரிட்டார். தசைவறுமை என்பது அதன் பொருள்.

என் பாட்டியார் எழுபத்தைந்து வயதளவும் கிணற்றில் நீரிறைத்துக் குடம் சுமந்தவர். நகரத்து வீட்டுக்கு அழைத்துவந்தபின், 'இனி நீங்கள் ஒன்றுஞ் செய்யலாகாது' என்று யாங்கள் எல்லோரும் அன்பினால் அவரைக் கட்டிலில் அமர்த்தினோம். சொம்பு நீரையும் பேரப்பிள்ளைகளே கொண்டுவந்து கொடுத்தனர். ஓராண்டு செல்லுமுன் பிறர் கைப்பற்றியன்றி அவரால் எழ இயலவில்லை. அக்காலத்து அதனை மூப்பென்றே கொண்டோம்.

1990-இல் மரியா பியட்டரோனே என்னும் மருத்துவ அம்மையாரும் உடனாராய்ந்தோரும் பாஸ்டன் நகர முதியோர் இல்லமொன்றில் நிகழ்த்திய சோதனையின் முடிவு வெளிவந்தது. 86 முதல் 96 வயது வரையுள்ள பதின்மர் காலாற் பளு உயர்த்தும் பயிற்சியைத் தொடங்க, ஒன்பதின்மர் எட்டு வாரமும் முடித்தனர். ஏற்றிய பளுவும் சிறிதன்று. அவரவர் ஆற்றலின் எல்லையை நெருங்கியது. முடிவில் அவர்தங் கால்வலிமை சராசரியாக நூற்றுக்கு 174 பங்கு மிகுந்தது. தொடைத்தசையும் 9 பங்கு பெருகியது. இருவர் கைத்தடியை விடுத்து நடந்தனர். பயிற்சியை நிறுத்திய நான்கே வாரத்தில் அவ்வலிமை நூற்றுக்கு 32 பங்கு குறைந்துபோயிற்று.