கஞ்சி கொட்டிய கையும் வயிற்றில் இருக்கும் பிள்ளையும்

கேள்வி: டாக்டர், எனக்கு ஏழாவது மாதம். போன வாரம், காலை ரயிலைப் பிடிக்கும் கணவருக்குச் சாப்பாடு கட்டும் அவசரத்தில் சோறு வடித்தபோது கொதிக்கும் கஞ்சி இடது கையில் கொட்டிவிட்டது. நாலு விரல் அகலத்துக்குச் சிவந்து, இரண்டு கொப்புளம் எழும்பியது. அத்தை உடனே இட்லி மாவைத் தடவினார். வளைகாப்பு வளையலைப் பிரசவம்வரை கழற்றக் கூடாது என்றும் சொன்னார். பிள்ளைக்கு ஆகாது என்று பயந்து வலி மாத்திரை போடவில்லை, களிம்பும் தடவவில்லை. இரண்டு ராத்திரி தூக்கமே இல்லை. குழந்தைக்கு ஏதாவது ஆகியிருக்குமா?

— வாசகி, கடம்பத்தூர்

பதில்: பயப்படாதீர்கள், அம்மா. விரல்களைச் சேர்த்து வைத்த உங்கள் உள்ளங்கை, உடலின் தோல் பரப்பில் ஏறக்குறைய 1 சதவீதம். உங்கள் காயம் அதைவிடச் சிறியது. அந்தச் சூடு தோலோடு நின்றுவிடும், கருப்பையை எட்டாது. குழந்தை வழக்கம்போல அசைந்தால் நிம்மதியாக இருங்கள்.

என் மனதை வருத்தியது அந்த இரண்டு ராத்திரிகள்தான். பிள்ளைக்காக நீங்கள் வலியைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. பாராசிட்டமால் 500 மி.கி. மாத்திரையை இந்த மாதத்தில் போடலாம். அடுத்த மாத்திரைக்கு ஆறு மணி நேரம் இடைவெளி விடுங்கள். டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் மட்டும் வேண்டவே வேண்டாம். 20 வாரத்துக்குப் பிறகு அவை குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்து, பனிக்குட நீரைக் குறைக்கக்கூடும்.

சுட்டவுடன் செய்ய வேண்டியது ஒன்றே: 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் கையைக் காட்டுவது. கஞ்சி பிசுபிசுப்பானது, தோலில் ஒட்டிக்கொண்டு சூட்டை விடாமல் வைத்திருக்கும். தண்ணீர்தான் அதைக் கழுவிச் சூட்டையும் இறக்கும். உடனே முடியாவிட்டாலும் மூன்று மணி நேரத்துக்குள் செய்தால் பலன் உண்டு. நம் பக்கத்து வெயிலில் மத்தியான நேரத்து மாடித் தொட்டித் தண்ணீரே சுடும். அப்போது குடத்துத் தண்ணீரை மொண்டு ஊற்றுங்கள். ஐஸ் வைக்காதீர்கள். இட்லி மாவு, பேனா மை, பற்பசை எதுவும் வேண்டாம். அவை புண்ணில் கிருமியைச் சேர்க்கும்.

வளையல் விஷயம் முக்கியம். சுட்ட கை சிறிது நேரத்தில் வீங்கும். வளையல் இறுகினால் ரத்த ஓட்டம் தடைப்படும். கண்ணாடி உடைந்தால் கொப்புளத்தையே கிழித்துவிடும். அந்தக் கையில் இருப்பதை மட்டும் உடனே கழற்றுங்கள். ஆறியதும் மறுபடி போட்டுக்கொள்ளலாம்.

கொப்புளத்தை உடைக்காமல், ஒட்டாத சுத்தமான துணியால் மூடி வையுங்கள். சின்னக் காயத்துக்கு வாஸ்லின் போதும். வீட்டில் இருக்கும் களிம்பை மருத்துவரிடம் கேட்காமல் தடவாதீர்கள். சில்வர் சல்ஃபாடையசின் என்ற வெள்ளைக் களிம்பைப் பிரசவம் நெருங்கும்போது தவிர்ப்போம்; பிறக்கும் குழந்தையின் மஞ்சள் காமாலையை அது ஆபத்தாக்கலாம். போவிடோன் அயோடினும் புண் வழியாக உடம்பில் ஏறி, குழந்தையின் தைராய்டைப் பாதிக்கலாம். ரணஜன்னி தடுப்பூசி போட்டாயிற்றா என்று உங்கள் தாய் சேய் நல அட்டையில் பாருங்கள்.

சுட்ட இடம் உள்ளங்கையைவிடப் பெரிதாக இருந்தாலோ, முகம், மூட்டு, வயிறு, மறைவிடத்தில் பட்டிருந்தாலோ, தோல் வெளுத்தோ கருகியோ போயிருந்தாலோ, மின்சாரம், ரசாயனம், புகையால் நேர்ந்திருந்தாலோ திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். போக வழியில்லாவிட்டால் 108-ஐக் கூப்பிடுங்கள். தீவிரமான தீக்காயங்களுக்குக் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையில் தனிப் பிரிவே இருக்கிறது. காயம் சிறியதானாலும், காய்ச்சல், சீழ், அடிவயிற்று வலி, ரத்தக் கசிவு வந்தாலோ பிள்ளையின் அசைவு குறைந்தாலோ ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்க வேண்டாம்.

புண் சீழ் பிடிக்கும் என்று முட்டை, மீன், பருப்பை ஒதுக்காதீர்கள். புதுத் தோல் வளரவும் பிள்ளை வளரவும் புரதம் தேவை. கர்ப்பகாலச் சர்க்கரை இருந்தால் புண் ஆறத் தாமதமாகும், மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

வயிறு பெரிதாகப் பெரிதாக உடம்பின் நிதானம் மாறும். பிரசவம்வரை கஞ்சி வடிக்கும் வேலையை வீட்டில் வேறொருவர் பார்க்கட்டும். இல்லையென்றால் குக்கரில் வையுங்கள். இந்தப் பதிலை அத்தைக்கும் படித்துக் காட்டுங்கள். உங்கள் மேல் உள்ள அன்பில்தான் அவர் மாவை எடுக்க ஓடினார். இனி இப்படி நேர்ந்தால் குழாயைத் திறக்க முதலில் ஓடுவதும் அவராகத்தான் இருப்பார்.