கைப்பேசியில் பாடம் ஓடுகிறது, பக்கத்தில் யார் இருக்கிறார்கள்?



பி.எட். படிக்கும் நாங்கள் நான்கு பேர், படிப்பின் ஒரு பகுதியான 16 வாரக் கற்பித்தல் பயிற்சிக்காக ஆனைமலைப் பகுதிப் பள்ளி ஒன்றுக்குப் போயிருந்தோம். கல்லூரியில் 'கல்வியில் தொழில்நுட்பம்' என்று ஒரு பாடமே உண்டு. அதில் நல்ல மதிப்பெண்ணும் வாங்கியிருந்தோம். பெரிய திரை, காணொளி, வாட்ஸ்அப் குழு எல்லாம் கைவசம் இருந்தால் எந்தப் பிள்ளையையும் படிக்க வைத்துவிடலாம் என்ற நினைப்போடுதான் வகுப்புக்குள் நுழைந்தோம். அந்த நினைப்பைத் திருத்தியவர்கள் பிள்ளைகள்தான். நம் வீடுகளிலும் இன்று பாடம் பாதி கைப்பேசியில்தான் வருகிறது என்பதால், நாங்கள் கற்றதை உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

கைதட்டல் வாங்கிய பாடம்

முதல் வாரம் ஆறாம் வகுப்பில் பின்னங்கள். திரையில் ஒரு வட்டமான கேக் வந்தது. இரண்டாக, மூன்றாக, நான்காகப் பிரிந்தது. இசை, வண்ணம், சிரிக்கும் பொம்மை. பிள்ளைகள் கண்ணெடுக்காமல் பார்த்து, முடிந்ததும் கை தட்டினார்கள். "நல்லா இருந்துச்சுங்க டீச்சர், இன்னொருக்கா போடுங்க" என்றார்கள். எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை.

பிறகு ஒரு கேள்வி கேட்டோம். மூன்றில் ஒரு பங்கு பெரியதா, நான்கில் ஒரு பங்கு பெரியதா? வகுப்பில் பாதிக்கு மேல் நான்கில் ஒன்றுதான் பெரியது என்றார்கள். மூன்றை விட நான்கு பெரிய எண் அல்லவா! அத்தனை அழகான காணொளி அந்தத் தவறான எண்ணத்தைத் தொடவே இல்லை. பார்த்தார்கள், ரசித்தார்கள், யோசிக்க அதில் இடமில்லை.

மறுநாள் திரையைத் திறக்கவில்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரே நீளமுள்ள இரண்டு தாள் பட்டைகள் கொடுத்தோம். ஒன்றை மூன்றாக மடி, மற்றொன்றை நான்காக மடி, ஒரு மடிப்பை எடுத்து ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பார் என்றோம். கொஞ்ச நேரம் சலசலப்பு. பின் வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்தான். "நாலு பேருக்குப் பங்கு வெச்சா ஆளுக்குக் கொஞ்சந்தானுங்க டீச்சர் வரும்!" நாங்கள் நடத்த நினைத்த பாடத்தை அவன் ஒரே வரியில் நடத்திவிட்டான்.

அதற்கு அடுத்த நாள் அதே காணொளியை மீண்டும் போட்டோம். இம்முறை நடுவில் நிறுத்தி நிறுத்திப் போட்டோம். 'இப்போது ஐந்தாகப் பிரிக்கப் போகிறது. துண்டு பெரிதாகுமா, சிறிதாகுமா? நோட்டில் எழுதிவிட்டுப் பாருங்கள்.' காணொளி மாறவில்லை. ஆனால் இப்போது ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் ஒரு கேள்வி இருந்தது. தான் எழுதியது சரியா என்று தேடிப் பார்த்தார்கள். முதல் நாள் வேடிக்கையாக இருந்தது அன்று பாடமானது.

வாட்ஸ்அப்பில் அனுப்பிய வீட்டுப்பாடம்

அடுத்ததைச் சொல்ல எங்களுக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் சொல்ல வேண்டும்.

ஏழாம் வகுப்புக்குத் தினமும் மாலையில் வாட்ஸ்அப்பில் ஒரு காணொளியும் ஆறு கணக்குகளும் அனுப்பினோம். ஒரு மாணவி மட்டும் தொடர்ந்து நான்கு நாள் வெறும் நோட்டோடு வந்தாள். காரணம் கேட்டால் தலையைக் குனிந்துகொண்டு நிற்பாள். நான்காம் நாள் எல்லார் முன்னிலையிலும் கடிந்துகொண்டோம். அன்று மதியம் அவளுடைய தோழி வந்து மெதுவாகச் சொன்னாள்: "அவங்க வீட்ல ஒரே போன்தானுங்க டீச்சர். அவங்கத்தா கயிறு மில்லுக்குக் கொண்டு போயிருவாரு. ராத்திரி வந்தா அண்ணன் வாங்கிக்குவாரு."

அந்தப் பெண்ணிடம் சோம்பலும் இல்லை, அலட்சியமும் இல்லை. அவள் கைக்குப் பாடம் போய்ச் சேரவே இல்லை. சேர்ந்ததா என்று நாங்கள் ஒரு நாளும் விசாரிக்கவில்லை. அனுப்பிவிட்டால் கற்பித்துவிட்டதாக நினைத்த தவறு எங்களுடையது. அவளிடம் மன்னிப்புக் கேட்டோம். மறுநாள் முதல் கணக்குகளைக் கரும்பலகையில் எழுதிப் போட்டோம். காணொளி தேவைப்பட்டால் பள்ளியிலேயே பார்க்க ஏற்பாடு செய்தோம். அடுத்த வாரம் அவள் நோட்டில் ஆறு கணக்கும் இருந்தன. இரண்டு தவறு. திருத்துவதற்கு அவள் கையெழுத்தில் இரண்டு தவறு கிடைத்ததே எங்களுக்குப் பெரிய நிம்மதி.

நம் வீடுகளில் கேட்டுப் பார்க்க வேண்டிய கேள்வியும் இதிலேயே இருக்கிறது. ஒரே கைப்பேசி உள்ள வீட்டில் அது யார் கைக்கு முதலில் போகிறது? மகனுக்கு மஃரிபுக்கே கிடைப்பது மகளுக்கு எல்லாரும் தூங்கிய பிறகுதான் கிடைக்கிறதா? கல்வி ஆணுக்கும் பெண்ணுக்கும் கடமை என்று ஜும்ஆ பயானில் கேட்கிறோம். அது வீட்டில் கைப்பேசியைப் பங்கிடும் முறையிலும் தெரிய வேண்டாமா?

கருவி மாறியது, தேவை மாறவில்லை

கற்பிக்கும் கருவிகள் காலந்தோறும் மாறியே வந்திருக்கின்றன. சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்தியாவைப் பற்றி எழுதிய முஸ்லிம் அறிஞர் அல்பிரூனி, இங்குள்ள பள்ளிப் பிள்ளைகள் கறுப்புப் பலகையில் வெள்ளைப் பொருளால் எழுதுவதைக் குறிப்பிட்டிருக்கிறார். அன்றைக்குப் பலகையும் ஒரு தொழில்நுட்பம்தான்.

நம் தமிழ் மண்ணிலேயே ஒரு நிகழ்ச்சி உண்டு. 1789இல் சென்னை எழும்பூரில் இராணுவத்தாரின் ஆதரவற்ற ஆண் பிள்ளைகளுக்காக ஒரு விடுதிப் பள்ளி இருந்தது. அதன் பொறுப்பை ஏற்றவர் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். நம் ஊர்த் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்த அவர், அதைத் தம் பள்ளியிலும் கொண்டுவர விரும்பினார். அங்கிருந்த ஆசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை. எட்டு வயது மாணவன் ஒருவனிடம் சிறு பிள்ளைகளை ஒப்படைத்தார், வேலை நடந்தது. தெரிந்த பிள்ளை தெரியாத பிள்ளைக்குச் சொல்லித்தரும் அந்த முறையைப் பற்றி அவர் 1797இல் நூல் வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்திலும் வேறு நாடுகளிலும் பரவியது. மணல் செலவில்லாத கருவி. ஆனால் அந்த மணலுக்குப் பக்கத்தில் ஒரு சிறுவன் உட்கார்ந்திருந்தான்.

இதைவிடப் பெரிய பாடம் நம் சீறாவில் இருக்கிறது. ஹிஜ்ரி 2இல் பத்ருப் போரில் சிறைப்பட்டவர்களில், பணம் கட்டி விடுதலை பெற வழியில்லாத, ஆனால் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் சிலர் இருந்தனர். மதீனாவின் பிள்ளைகள் பத்துப் பேருக்கு எழுதக் கற்றுக்கொடுப்பதையே அவர்களுக்குரிய மீட்புத்தொகையாக நபி (ஸல்) அவர்கள் ஏற்றுக்கொண்டதாக வரலாற்றாசிரியர்கள் பதிவு செய்துள்ளனர். முதல் வஹீயே ஓதுதலையும் எழுதுகோலையும் பற்றிப் பேசிய மார்க்கம் நம்முடையது. அந்த எழுதுகோலைப் பிடிக்கச் சொல்லித்தர ஓர் ஆள் வேண்டும் என்பதும் அந்த வரலாற்றிலேயே இருக்கிறது.

கொரோனா காலம் காட்டியது

தமிழ்நாடு அரசின் கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்ட் 26 அன்று தொடங்கப்பட்டது. அடுத்த மார்ச்சிலேயே கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டன. அப்போது அதில் வந்த பாடங்கள் இலட்சக்கணக்கான வீடுகளுக்குத் துணையாக இருந்தன என்பதை மறுக்க முடியாது. ஆனால் ஒன்று முதல் எட்டு வகுப்புப் பிள்ளைகள் மறுபடி பள்ளிக்குள் வந்தது 2021 நவம்பர் 1 அன்றுதான். அதற்குள் பல பிள்ளைகள் எழுத்துக் கூட்டவே மறந்திருந்தார்கள்.

அதைச் சரிசெய்ய அரசு இன்னொரு சேனல் தொடங்கவில்லை. 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தைத் தொடங்கியது. அந்தந்தத் தெருவில் உள்ள படித்த பெண்களும் இளைஞர்களும் மாலையில் ஒன்றரை மணி நேரம் வரை பிள்ளைகளோடு உட்கார்ந்தார்கள். தொலைக்காட்சி போய்ச் சேர்ந்த வீடுகளுக்கும் கடைசியில் ஓர் ஆள் போக வேண்டியிருந்தது.

உலக அளவிலும் இதே பேச்சுத்தான். 2023 ஜூலையில் யுனெஸ்கோ வெளியிட்ட உலகக் கல்வி அறிக்கை, தொழில்நுட்பம் ஆசிரியருக்குத் துணையாக வரலாமே தவிர அவருக்கு மாற்றாக வரக் கூடாது என்று வலியுறுத்தியது.

அப்படியானால் எதற்குத்தான் பயன்படுகிறது?

கைப்பேசியே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. சில இடங்களில் அதற்கு ஈடு இல்லை.

கண்ணுக்குத் தெரியாததைக் காட்டும். இதயம் துடிப்பதையும், இலைக்குள் இருக்கும் செல்லையும், பூமி சூரியனைச் சுற்றுவதையும் கரும்பலகையில் எவ்வளவு வரைந்தாலும் நகராது. இங்கே காணொளிதான் நல்ல ஆசிரியர்.

சலிக்காமல் திரும்பச் சொல்லும். காய்ச்சலில் பத்து நாள் விடுப்பெடுத்த பிள்ளை, விட்ட பாடத்தைத் தனக்கேற்ற வேகத்தில் எத்தனை முறையும் கேட்கலாம். 2018 முதல் வந்த நம் புதிய பாடப்புத்தகங்களில் கியூஆர் குறியீடு அச்சிடப்பட்டிருப்பது இதற்குத்தான். தீக்‌ஷா செயலியில் ஒருமுறை பதிவிறக்கி வைத்தால் பிறகு டேட்டா செலவில்லை. ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரைக்கும் அரசின் 'மணற்கேணி' செயலி 2023இல் வந்தது. கட்டணம் இல்லை. திருக்குறளில் கல்வி அதிகாரத்திலிருந்து எடுத்த பெயர் அது. கேணியில் தோண்டத் தோண்டத்தான் நீர் ஊறும். தோண்டுவது பிள்ளை, செயலி வெறும் மண்வெட்டி.

பார்வைக் குறைபாடுள்ள பிள்ளைக்குப் பாடத்தை வாசித்துக் காட்டும். காது கேளாத பிள்ளைக்கு எழுத்தில் காட்டும். அத்தகைய பிள்ளை உள்ள வீட்டுக்கு இது வசதி மட்டுமல்ல, வாசலே இதுதான்.

வீட்டில் நாம் செய்யக்கூடியவை

1. மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் படிப்பு நேரம் வைப்போம். கைப்பேசி கூடத்தில் இருக்கட்டும். கதவு சாத்திய அறைக்குள் வேண்டாம்.

2. பத்து நிமிடக் காணொளியை இரண்டு இடத்திலாவது நிறுத்தி, "இதுவரை என்ன சொன்னாங்க?" என்று கேட்போம். அம்மாவுக்கு அந்தப் பாடம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பிள்ளை சொல்லும்போது எங்கே திக்குகிறதோ அங்கேதான் அதற்குப் புரியவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத தாயும் இதைச் செய்யலாம்.

3. பார்த்து முடித்ததும் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்து, நினைவிலிருந்து ஐந்து வரி கையால் எழுதச் சொல்வோம்.

4. ஏ.ஐ. செயலியில் விடையைக் கேட்டு அப்படியே எழுதினால் கணக்குப் போட்டது செயலிதான். முதலில் பிள்ளை தானே செய்யட்டும். பிறகு சரிபார்க்க மட்டும் கேட்கட்டும்.

5. ஒரே கைப்பேசி என்றால் யாருக்கு எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுவோம். மகளின் பெயரும் அதில் இருக்கட்டும்.

6. கைப்பேசி இல்லாத நிலை இருந்தால் ஆசிரியரிடம் தயங்காமல் சொல்லிவிடுங்கள். எங்களைப் போன்ற புதியவர்களுக்கு அது தோன்றாது. அதில் எந்த வெட்கமும் இல்லை.

7. அறிமுகமில்லாதவர் பிள்ளைக்குச் செய்தியோ இணைப்போ அனுப்பினால் பிள்ளையைத் திட்டாதீர்கள்; திட்டினால் அடுத்த முறை மறைப்பார்கள். குழந்தைகள் உதவி எண் 1098. இணையக் குற்றப் புகாருக்கு 1930.

குடும்பத்தோடு பேசிப் பாருங்கள்

நேற்று பிள்ளை கைப்பேசியில் படித்த பாடம் எது? அதை நமக்குச் சொல்லிக் காட்ட முடிகிறதா? நம் வீட்டில் கைப்பேசி கிடைக்காமல் படிப்பு தடைப்படுவது யாருக்கு? நம் தெருவில் பிளஸ் டூ முடித்த ஒருவர், வாரம் இரண்டு மாலை நான்கு பிள்ளைகளோடு உட்கார முன்வருவாரா?

நான்காவது கேள்விக்கு உங்களில் ஒருவர் 'நான் வருகிறேன்' என்று சொன்னால், எங்கள் 16 வாரப் பயிற்சிக்கு அதைவிடப் பலன் வேறில்லை. பயிற்சி முடிந்து நாங்கள் புறப்பட்ட நாளில் அந்த ஏழாம் வகுப்பு மாணவி நோட்டைக் கொண்டுவந்து காட்டினாள். அன்றும் ஒரு கணக்குத் தவறு. உட்கார்ந்து திருத்திக் கொடுத்துவிட்டுத்தான் பேருந்து ஏறினோம்.

பயனுள்ள கல்வியை நம் பிள்ளைகள் அனைவருக்கும் அல்லாஹ் தந்தருள்வானாக. ஆமீன்.