இறால் தீவனம் போட்டுச் சங்கு வளர்த்தவன் சொல்கிறேன்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், கிழக்குக் கடற்கரையில் விசைப்படகு கடலுக்குப் போகாது. தூத்துக்குடிக்காரனுக்கு இதை ஒருவர் சொல்லித்தர வேண்டுமா? ஆனாலும் எட்டுத் தொட்டியில் பன்னிரண்டாயிரம் சங்குக் குஞ்சுகளை விட்டுவிட்டு, அந்த 61 நாளும் அவற்றுக்குத் தீனி எங்கிருந்து வரும் என்று நான் யோசிக்கவே இல்லை.

நான் வளர்த்தது பாபிலோனியா ஸ்பைராட்டா. இறால் மடியில் கூடவே ஏறி வருமே, வெள்ளை ஓட்டில் பழுப்புத் திட்டுப் போட்ட சிறு சங்கு, அதுதான். தொட்டி கட்டுவது, மணல் பரப்புவது, கடல்நீர் ஏற்றுவது, காற்று விடுவதெல்லாம் நீங்களே செய்துவிடுவீர்கள். தீனியில்தான் சறுக்குவீர்கள்.

தடைக்கு முன்பு காரலும் சூடையும் போட்டேன். மாதம் மூன்று மில்லிமீட்டர் வளர்ந்தன. மீனை வெட்டிப் போட்ட சில நிமிடத்தில் மணலுக்குள்ளிருந்து மூக்குக் குழல் நீளும், பிறகு ஓடு எழும். தும்பிக்கை போன்ற வாயைச் சதைக்குள் நுழைத்துத் தின்றுவிட்டு, அரை மணி நேரத்தில் திரும்பப் புதைந்துகொள்ளும். வேளை தவறாமல் பார்த்து ரசித்தேன். அந்த நேரத்தில் ஐஸ் பிளாண்டுக்குப் போயிருக்கலாம்.

“நாலு பெட்டி மீனை உறையப் போட்டு வை” என்று என் மச்சான் மார்ச்சிலேயே சொன்னார். அவர் சொன்னார் என்பதற்காகவே நான் செய்யவில்லை. அவருடைய மற்ற யோசனைகளைக் கேட்டவர்களுக்கு என் நிலைமை புரியும்.

தடை வந்தது. நாட்டுப்படகு மீன் சமையலுக்கே விலை போய்விட்டது. தீவனக் கடைக்காரர் இருக்கிறாரே, “இறாலே இதைத் தின்னு முப்பது கவுண்டுக்கு வருது, அண்ணாச்சி. சங்கு தின்னாதா? புரதம் 35 சதவீதம்!” என்றார். அந்த இறால் குருணையைப் பத்து மூட்டை வாங்கினேன்.

புரதக் கணக்கில் அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் இறால் பிடித்துக் கொறிக்கிற பிராணி. சங்கு சதையைத் துளைத்து உள்ளே வாயை விடுகிற பிராணி. குருணையில் எங்கே துளைக்கும்? புரட்டிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டது. ஊறிய குருணை மாவாகி மணலுக்குள் இறங்கியது. மூன்றாம் வாரம் மணலைக் கிளறினால் கறுப்பு, அழுகிய முட்டை நாற்றம். ஐயாயிரத்துக்கு மேல் செத்தன. மிச்சம் ஒரு மில்லிமீட்டர்கூட வளரவில்லை.

அதைவிட உறைத்தது வியாபாரி வந்த நாள். பத்துச் சங்கை வேகவைத்து, ஊசியால் சதையை உருவி உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். ஓடு மட்டும் பெரிது, உள்ளே சுருங்கிய துணுக்கு. ஓட்டின் எடைக்கு யார் காசு தருவார்கள்? பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன்: சங்குச் சதையின் ஒமேகா-3 கொழுப்பு பெரும்பாலும் அது தின்ற மீனிலிருந்து வருவது. சோயா கலந்த தீவனம் கொடுத்தால் சதையில் ஒமேகா-6 ஏறும். தாய்லாந்தில் பாபிலோனியா அரியோலாட்டா என்னும் இதன் பங்காளிச் சங்கைப் பண்ணையில் வளர்ப்பவர்களும் கழிவு மீனைத்தான் நம்பியிருந்தார்கள். சங்குக்கென்றே தனித் தீவனம் செய்து பார்த்தவர்களும் அங்கே உண்டு. இறால் குருணை அது ஆகாது.

இப்போது புது மீனை மட்டுமே வாங்கி, கழுவி, ஒருநாள் தீனி ஒரு பொட்டலமாக உறைய வைக்கிறேன். சாளை மலிவு என்று அதையே போடாதீர்கள், தண்ணீரில் எண்ணெய் படரும். காரலோடு கலந்து போடுங்கள், நடுவில் மட்டிச் சதையும் கொடுங்கள். ஒரு மணி நேரம் கழித்து மிச்சத்தை எடுத்தே ஆக வேண்டும், தூக்கம் வந்தாலும் சரி.

அந்தப் பத்து மூட்டையில் மூன்று பிரிக்காமலே கொட்டகையில் கிடக்கிறது. கடைக்காரர் திரும்ப எடுக்க மாட்டேன் என்றுவிட்டார்.