அன்னாசிக் கட்டமா, லாக் கேபினா?

ஜொகூரின் பெக்கான் நானாஸில் துண்டுத்துணிப் போர்வை தைப்பவருக்கு அன்னாசிக் கட்டத்தின் மேல் ஆசை வருவது இயல்பு. சுற்றிலும் அன்னாசித் தோட்டங்கள். ஊரிலேயே அன்னாசிக்கு ஓர் அருங்காட்சியகம். ஆனாலும் முதல் போர்வைக்கு அதைத் தொட வேண்டாம் என்பேன். எந்தக் கட்டம் என்பதைக் கையிலிருக்கும் துணி முடிவு செய்யட்டும்.

நீளமான மிச்சத் துணிகள் நிறைய இருக்கின்றனவா? லாக் கேபின் தையுங்கள். நடுவில் ஒரு சதுரம், அதைச் சுற்றி நான்கு பக்கமும் பட்டைகள். 1860களில் அமெரிக்காவில் பரவிய கட்டம் இது. நடுச்சதுரம் பெரும்பாலும் சிவப்பு. அது வீட்டின் அடுப்புத் தீயைக் குறிக்கும் என்பார்கள். பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் இடையிலுள்ள மான் தீவின் பெண்கள் அளவுகோல் இல்லாமல் கையாலும் கட்டைவிரலாலும் அளந்தே இதைத் தைத்தார்கள். அந்தத் துணிவு எனக்கு மிகவும் பிடிக்கும். அடுத்தடுத்த இரு பக்கங்கள் வெளிர், மற்ற இரண்டும் அடர்நிறம் என்று வைத்தால் கட்டம் மூலைவாக்கில் பிரிந்து தெரியும். கட்டங்களைத் திருப்பி அடுக்கினாலே உழவுச்சால் கோடுகள் வந்துவிடும். பட்டைகளை எதிரெதிராக இரண்டிரண்டாகத் தைத்தால் 'நீதிமன்றப் படிகள்' என்னும் வகை. புதிதாகத் தைப்பவருக்கு இதுவே சுலபம்.

அன்னாசிக் கட்டமும் லாக் கேபினிலிருந்து பிறந்ததுதான். நேர்ப்பட்டை நான்கு தைத்ததும், மூலைகளை வெட்டிச் சாய்வாக இன்னும் நான்கு தைக்க வேண்டும்; வேலை இரட்டிப்பு. மூலைப்பட்டைகள் அடர்நிறமானால், கட்டங்கள் சேரும்போது முள்ளிலைகள் விரியும். நேர்ப்பட்டைகள் அடர்நிறமானால் அதே கட்டம் காற்றாலை இறக்கைகளாக மாறிவிடும். பழைய கைலியில் கோடு போட்டு, அதை அடித்துணியாக வைத்து அதன்மேல் தையுங்கள். இல்லாவிட்டால் முதல் சுற்றில் விழும் சின்னப் பிசகு சுற்றுக்குச் சுற்று வளரும்.

தையற்கடைத் துண்டுகள் உள்ளங்கை அளவுதான் என்றால் அறுகோணம் ஏற்றது. ஜப்பானியர் காலத்தில் சிங்கப்பூரின் சாங்கிச் சிறையில் அடைபட்டிருந்த சாரணச் சிறுமிகள், கிடைத்த துண்டுகளை அறுகோணப் பூக்களாக்கித் தங்கள் தலைவி எலிசபெத் என்னிஸுக்குப் போர்வை தைத்தார்கள். அது இன்று லண்டனின் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அறுகோணத்துக்கு மிஷின் தேவையில்லை, ஊசியும் காகித அச்சும் போதும். ஆனால் மாதக்கணக்கில் இழுக்கும்.

எதைத் தைத்தாலும் ஜொகூர் வெயிலுக்கு உள்ளே பஞ்சு வேண்டாம். அடித்துணியின் கனமே போதும். ஓர் அங்குலப் பட்டை வேண்டுமானால் ஒன்றரை அங்குலம் வெட்டுங்கள். இருபுறமும் கால் அங்குலம் தையலுக்குப் போய்விடும். பாத்திக் துணியை மட்டும், தண்ணீர் சாயமில்லாமல் தெளியும்வரை தனியாக அலசிய பிறகே வெட்டுங்கள்.