கஞ்சமலையும் கலத்தின் திசைகாட்டியும்

ஓமலூரில் நின்று தெற்கே நோக்குவார்க்குக் கஞ்சமலை நீல வரம்பு போலத் தோன்றும். எம்மூரார்க்குக் கடல் நெடுந்தொலைவு. 1934-ஆம் ஆண்டில் நிறைவெய்திய மேட்டூர் அணையின் நீர்த்தேக்கமே யாம் இளமையிற் கண்ட பெருநீர். ஆண்டுச் செல்லும் பரிசலுக்குத் திசைகாட்டி வேண்டுவதில்லை. அங்ஙனமாகச் சிறு பாய்க்கலத்தில் திசைகாட்டியைத் தெரிந்து பொருத்துமாற்றை ஓமலூரான் ஒருவன் எழுதப் புகுந்தது ஏனோவென நண்பர் நகைத்தல் கூடும். அப்பாடத்தின் முதற் கூற்றை எனக்குக் கற்பித்தது அம்மலையே.

பன்னிரண்டாம் வயதில் என் மாமா எனக்கொரு சிறு திசைகாட்டி தந்தார். வயலிலும் வீட்டுத் திண்ணையிலும் அது பிழையாது வடக்கைக் காட்டிற்று. ஒருநாள் கஞ்சமலையின் கரும்பாறை ஒன்றன்மேல் அதனை வைத்தேன். ஊசி வேறொரு திசை நோக்கிற்று. நாலடி தள்ளி வைக்க, மற்றொரு திசை. கருவி கெட்டதென்று கண் கலங்கினேன். இறங்கி வந்து வயல்வரப்பில் வைத்தபோது அது முன்போலவே வடக்கு நோக்கி நின்றது. அம்மலையின் இரும்புக்கனி பெரும்பாலும் காந்தக்கல் என்பதனைப் பின்னரே அறிந்தேன். பிழை ஊசியினதன்று, வைத்த இடத்தினது.

கல்லூரி விடுதியில் என் அறையிலுறையும் தோழர் தூத்துக்குடியைச் சார்ந்தவர். அவருடைய பாட்டனார் பாய்த்தோணியில் தண்டலாக இருந்தவர். கொழும்பினின்று திரும்பிய ஓரிரவில், புதிதாகச் சேர்ந்த ஆள் ஒருவன் கடப்பாரை ஒன்றைத் திசைகாட்டிப் பெட்டியின் அருகே சார்த்திவிட்டுத் துயின்றனனாம். வானம் மூடியிருந்தது. சுக்கானியோ தட்டிற் கண்ட குறியை இம்மியும் தவறாது பின்பற்றினான். விடியலில் எதிரே தோன்றியது துறைமுகமன்று. மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சூழ்ந்த பவளப்பார்களின்மேல் எழுந்த வெண்ணுரையே. பாயை விரைந்து மாற்றி உயிர் தப்பினர். அவர் அதனைக் கூறியபோது எனக்குக் கஞ்சமலைப் பாறை நினைவுக்கு வந்தது.

இத்தவற்றின் அளவைக் கணக்கினாலும் காணலாம். ஒரு பாகை பிழையுடன் 60 மைல் ஓடிய கலம் ஏறக்குறைய 1 மைல் விலகும். பத்துப் பாகை பிழையாயின் 30 மைல் ஓட்டத்திலேயே 5 மைலுக்கு மேல் விலகும். துருவமீனை நம்பலாமெனின், அது அவ்வவ்விடத்து அகலாங்கின் அளவே அடிவானுக்கு மேல் நிற்பது. தூத்துக்குடியில் ஒன்பது பாகை உயரமே. கடற்புகையும் முகிலும் அதனை எளிதில் மறைக்கும். செயற்கைக்கோள் வழி இடமறியும் கருவிகள் இந்நாளில் உண்டெனினும், மின்கலம் ஓய்ந்தால் அவை வாய்மூடும். காந்தவூசிக்கு மின்சாரம் வேண்டுவதில்லை.

இனி, கருவியைத் தெரிந்தெடுக்கும் முறை. தட்டு பெரிதாகவும் எண்கள் தெளிவாகவும் இருத்தல் வேண்டும். ஆடும் கலத்தில் ஒவ்வொரு பாகைக்கும் கோடிட்ட தட்டினும் ஐந்தைந்து பாகைக்குக் கோடிட்டதே கண்ணுக்கு எளிது. தட்டு நீர்மத்தில் மிதப்பதாயின் அலைக்கு அலை துள்ளாது மெல்ல நிலைகொள்ளும். உள்ளே குமிழி காணின் நீர்மம் கசிந்ததென்று கொள்க. பாய்க்கலம் காற்றிற் சாய்ந்தே ஓடுமாதலின், சாய்ந்த நிலையிலும் தட்டு மட்டமாய் நிற்கும் அமைப்பு இன்றியமையாதது. வாங்குமுன் இரும்புத் துண்டொன்றைக் காட்டித் தட்டைச் சிறிது திருப்பி, பின் அகற்றிப் பார்க்க. ஒட்டாமலும் நெடிது ஊசலாடாமலும் அது பழைய குறிக்கே மீளல் வேண்டும். மற்றொன்று, வடநாடுகளில் ஊசியின் வடமுனை நிலத்தை நோக்கித் தாழுமாதலின், ஆங்குச் செய்வோர் தென்முனைக்கு எடை கூட்டிச் சமன் செய்வர். காந்த நடுவரையோ நம் நாட்டின் தென்கோடியை அடுத்துச் செல்கின்றது. எனவே வடநாட்டுக்கெனச் சமன் செய்த தட்டு ஈண்டுத் தெற்கே சாயும். நம் பகுதிக்குரியதைக் கேட்டு வாங்குக.

கருவியினும் இடம் தேர்தல் அரிது. பெருங்கலத்தில் இரும்பைத் தொலைவில் ஒதுக்கலாம். சிறு கலத்திலோ எல்லாம் கைக்கெட்டும் தூரத்திலேயே கிடக்கும். நங்கூரம், பொறி, இரும்பு விளக்கு, மின்கம்பி, ஒலிபெருக்கி, சட்டைப்பையிலுள்ள தொலைபேசி ஆகிய யாவும் ஊசியை இழுக்கும். சுக்கானி கழுத்தைத் திருப்பாமற் காணக்கூடியதும், இவற்றினின்று இயன்றவரை விலகியதுமான இடமே தக்கது. அவ்விடத்தில் உடனே துளையிடற்க. முதலிற் கருவியைக் கயிற்றாற் கட்டி வைத்து, சுற்றியுள்ள பொருள்களை ஒவ்வொன்றாக அணுக்கியும் அகற்றியும், விளக்கை ஏற்றியும் அணைத்தும், தட்டு அசைகின்றதா எனப் பார்க்க. அசையாத இடத்திலேயே நிலையாகப் பொருத்துக. திருகாணிகள் பித்தளையாதல் வேண்டும். கிண்ணத்தின் முகப்புக் கோடு, ஏரா என்னும் அடிமரத்துக்கு நேர் இணையாக அணியத்தை நோக்குதல் வேண்டும். அக்கோடு மூன்று பாகை கோணின், கலம் செல்லும் வழி முழுதும் மூன்று பாகை கோணும்.

பொருத்தியதனோடு பணி முடிந்ததன்று. 1801 முதல் 1803 வரை ஆஸ்திரேலியக் கரையை அளந்த மாத்யூ பிளின்டர்ஸ் என்னும் மாலுமி, கலத்தின் முகம் திரும்புந்தோறும் ஊசியின் பிழையும் மாறுவதைக் கண்டு, கலத்திலுள்ள இரும்பே அதற்குக் காரணமென உணர்ந்தார். ஆதலின் அமைதியான காலைப்பொழுதில் கலத்தை எட்டுத் திசையும் முறையே திருப்புக. ஒவ்வொரு திசையிலும், இரும்பில்லாத மூலையில் நிற்பார் ஒருவர் கைத்திசைகாட்டியால் அணியத்தின் திசையை அளக்க, இரண்டின் வேறுபாட்டையும் அட்டவணையாக எழுதி வைத்துக்கொள்க. இது கலத்தால் வரும் விலகல். நிலத்தின் காந்தத்தால் வரும் ஒதுக்கம் வேறு. தமிழ்நாட்டுக் கரையில் அது சில பாகைக்குள் அடங்குமெனினும், அதனையும் கடற்படத்திற் பார்த்துக் கூட்டியோ கழித்தோ கொள்ளல் வேண்டும். புதிய பொறியோ கம்பியோ கலத்தில் ஏறின், அட்டவணையைப் புதிதாக எழுதுக.

தோணி திசை மாறிய அவ்விரவில் சுக்கானி உறங்கவில்லை, கருவியும் பழுதுறவில்லை. அருகே சார்த்திய ஒரு கடப்பாரையே அத்தனை உயிர்களையும் பாறைமேற் செலுத்த முயன்றது. ஆதலின் கலமேறும் அன்பர், பாயை விரிக்குமுன் திசைகாட்டியின் அருகே கிடப்பது யாதென ஒருமுறை கையாற் றடவிப் பார்ப்பாராக. என் பழைய திசைகாட்டி இன்றும் என் பெட்டியில் உள்ளது. விடுமுறையில் அதனைத் தூத்துக்குடிக்குக் கொண்டு சென்று, அம்முதிய தண்டலின் கையில் வைத்துக் கஞ்சமலைக் கதையைச் சொல்ல எண்ணியுள்ளேன்.