ஜாக்கி தூக்குவதற்கு, ஸ்டாண்டு தாங்குவதற்கு



கறவை மாட்டுக் கடன், பெட்டிக்கடைக் கடன் என்று ஆரம்பித்த நம் குழுக்கள் இன்று வண்டிக் கடன் வரை வந்திருக்கின்றன. 2005-ல் டாடா ஏஸ் வண்டி வந்த பிறகு கிராமத்துச் சந்துக்குள்ளும் நாலு சக்கர வண்டி நுழைந்துவிட்டது. ‘குட்டி யானை’ என்று நாம் செல்லமாகச் சொல்லும் அந்த வண்டியில்தான் வாழைத்தாரும் பால் கேனும் பந்தல் சாமானும் போகின்றன. கடன் நம் பேரில். தவணை கட்டுவதும் நாம். ஆனால் பஞ்சர் ஆனாலோ, பிரேக்கில் சத்தம் வந்தாலோ, வாசலிலேயே வண்டியைத் தூக்கி அடியில் படுப்பது வீட்டுக்காரர் அல்லது மகன். பக்கத்தில் நின்று ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பது நாம். சில குழுக்களில் நம் பெண்களே வண்டி ஓட்டுகிறார்கள், டயரும் மாற்றுகிறார்கள். அதனால் இந்தப் பாடம் நமக்குத்தான்.

குட்டி யானை என்று பேர்தான் குட்டி. காலி வண்டியே 800 கிலோவுக்கு மேல் இருக்கும். இதில் கால் பங்கு ஒரு மனுஷன் நெஞ்சில் இறங்கினால் எலும்பு முறிவது ஒரு பக்கம் இருக்கட்டும், மூச்சு இழுக்கவே முடியாது. சில நிமிடங்களில் உயிர் போய்விடும். “அஞ்சு நிமிஷ வேலைதானே, எட்டிப் பாத்துட்டு வந்துர்றேன்” என்ற பேச்சை நம் வாசலில் நாம் அனுமதிக்கக்கூடாது.

முதலில் ஜாக்கியைப் புரிந்துகொள்வோம். வண்டியோடு வருவது பெரும்பாலும் திருகு ஜாக்கி. கைப்பிடியைப் பல சுற்று சுற்றினால் வண்டி கொஞ்சம் கொஞ்சமாக எழும்பும். பட்டறையில் வாங்கும் பாட்டில் ஜாக்கியில் எண்ணெய் இருக்கிறது. சின்னக் குழாயில் நாம் அழுத்தும் எண்ணெய் பெரிய குழாய்க்குப் போய்ப் பாரத்தைத் தூக்குகிறது. அந்த எண்ணெயைத் தடுத்து நிறுத்துவது உள்ளே இருக்கும் ஒரு சின்ன சீல். அது தேய்ந்தால் எண்ணெய் கசியும், வண்டி மெல்ல இறங்கும். சில நேரம் ஒரேயடியாக இறங்கும். திருகு ஜாக்கிக்குச் சீல் கிடையாது, ஆனால் அதன் அடிப்பாகம் சிறியது, வண்டி கொஞ்சம் அசைந்தாலே சாய்ந்துவிடும். எந்த ஜாக்கியானாலும் அது தூக்கி இறக்கத்தான். தூக்கிய வண்டியைத் தாங்கி நிற்க அதைச் செய்யவில்லை. தாங்குவதற்கு இருப்பது மூன்று அல்லது நான்கு கால் விரித்து நிற்கும் இரும்பு ஸ்டாண்டு.

இனி வேலைக்கு வருவோம். பாதி விபத்து தரையில்தான் ஆரம்பிக்கிறது. சமமான, கெட்டியான இடம் வேண்டும். விருதுநகர், தூத்துக்குடிப் பக்கம் கரிசல் மண்ணில் இருப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். ஒரு மழை பெய்தால் ஜாக்கி மண்ணுக்குள் போய்விடும். மெழுகின வாசலும் மேலேதான் கெட்டி. இப்படிப்பட்ட இடத்தில் இரண்டு அங்குல கனமுள்ள அகலமான பலகையைப் போட்டு அதன்மேல் ஜாக்கியை வையுங்கள். தார் ரோடும் சித்திரை வெயிலில் இளகும், ஸ்டாண்டுக் கால் உள்ளே இறங்கும். முடிந்தால் சிமெண்டுத் தளம் உள்ள இடத்துக்கு வண்டியை மெதுவாக நகர்த்திக்கொண்டு போவதே நல்லது.

லோடு இருந்தால் இறக்கிவிட வேண்டும். “ரெண்டு மூட்டைதானே” என்று விடக்கூடாது. வண்டிக்குள் ஆள் இருக்கக்கூடாது, தூங்குகிற குழந்தையும் சேர்த்துத்தான் சொல்கிறோம். ஹேண்ட் பிரேக் போட்டு, கியரில் நிறுத்தி, தரையில் இருக்கப்போகும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுக்க வேண்டும். ஹேண்ட் பிரேக் போட்டாச்சே, கட்டை எதற்கு என்று கேட்பார்கள். பெரும்பாலான வண்டிகளில் ஹேண்ட் பிரேக் பின் சக்கரங்களை மட்டும்தான் பிடிக்கும். பின்பக்கம் இரண்டையும் தூக்கிவிட்டால் பிடிக்க ஒன்றும் இல்லை, முன் சக்கரம் இஷ்டத்துக்கு உருளும். கியரை நம்பியும் பயனில்லை. இன்ஜின் இழுக்கிற சக்கரங்களில் ஒன்று அந்தரத்தில் இருந்தால் அது பின்னோக்கிச் சுற்றும், தரையில் இருக்கிற மற்றது நகர்ந்துவிடும். அதனால் கட்டை. உருண்டைக் கல் வேண்டாம், ஆப்பு மாதிரி சரிவாகச் செதுக்கிய கட்டைதான் சக்கரத்தைப் பிடிக்கும். தச்சரிடம் சொன்னால் கழிவு மரத்தில் நாலு செய்து கொடுப்பார்.

சக்கர நட்டுகளை வண்டி தரையில் இருக்கும்போதே கால் சுற்று இளக்கிக்கொள்ள வேண்டும். தூக்கிய பிறகு ஸ்பேனரில் ஏறி நின்று மிதித்தால் வண்டி ஆடும், ஜாக்கி நழுவும். நாம் பார்க்கிற தவறுகளில் இதுதான் அதிகம்.

ஜாக்கியை எங்கே வைப்பது? வண்டியோடு கொடுத்த கையேட்டில் படம் போட்டுக் காட்டியிருக்கும். அந்தப் புத்தகத்தை டேஷ்போர்டில் கிழிந்துபோக விடாமல் கடன் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள். பொதுவாக ஆக்ஸிலிலோ சேஸிஸிலோ கெட்டியான இடம் குறித்திருப்பார்கள். இன்ஜின் எண்ணெய்த் தொட்டி, ஸ்டியரிங் கம்பி, தகடு, துருப்பிடித்த பாகம் இவற்றில் வைக்கவே கூடாது. ஜாக்கி செங்குத்தாக நிற்க வேண்டும். அது எத்தனை டன் தாங்கும் என்று அதன்மேலேயே எழுதியிருக்கும், பார்த்து வாங்குங்கள்.

டயர் மாற்றுவது மட்டும்தான் வேலை என்றால் வண்டிக்கு அடியில் போகவே தேவையில்லை. டயர் தரையை விட்டு எழும்பினால் போதும். ஸ்டெப்னியை வண்டிக்கு அடியில் படுக்கவைத்துவிட்டு வேலை பாருங்கள். ஜாக்கி நழுவினாலும் வண்டி முழுதாகத் தரைக்கு வராது. கழற்றிய டயரை அங்கே வைத்துவிட்டு ஸ்டெப்னியை எடுத்து மாட்டலாம். நட்டுகளை ஒன்றுக்கு எதிர் ஒன்றாக முடுக்க வேண்டும். கடைசி முடுக்கு வண்டி தரையில் இறங்கிய பிறகுதான். 50 கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை மறுபடி முடுக்கிப் பாருங்கள்.

அடியில் போகிற வேலை என்றால் ஸ்டாண்டு இல்லாமல் தொடவே கூடாது. இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் ஸ்டாண்டு வைத்து, ஜாக்கியை மெதுவாக இறக்கி, பாரம் முழுவதும் ஸ்டாண்டுமேல் உட்கார விட வேண்டும். பாட்டில் ஜாக்கியின் வால்வைக் கொஞ்சமாகத் திறந்தால் போதும்; ஒரே திருப்பாகத் திருப்பினால் வண்டி தொப்பென்று விழும். பிறகு ஜாக்கியை எடுத்துவிடாமல் லேசாகத் தொடும்படி வைத்து, கைப்பிடியை மட்டும் கழற்றி வையுங்கள், யார் காலும் தடுக்கக்கூடாது. இதெல்லாம் முடிந்ததும் வெளியே நின்றபடி வண்டியை நன்றாக ஆட்டிப் பாருங்கள். ஆடினால் இறக்கிவிட்டு முதலிலிருந்து செய்யுங்கள். வெளியே இருக்கும்போது விழுந்தால் நஷ்டம் வண்டிக்கு மட்டும்தான். ஊசி போட்டு உயரத்தைச் சரிசெய்யும் ஸ்டாண்டாக இருந்தால் அதற்கென்று கொடுத்த கெட்டி ஊசியையே போடுங்கள். தொலைந்துபோனதென்று கம்பித் துண்டும் ஆணியும் செருகி வைத்திருப்பதைப் பல பட்டறைகளில் பார்க்கலாம்.

ஸ்டாண்டுக்குப் பதிலாக ஹாலோ பிளாக் கல்லும் செங்கல்லும் அடுக்குவது நம் ஊர் வழக்கம். சுவரில் அந்தக் கல் வரிசையாக நின்று பாரத்தைப் பகிர்ந்துகொள்கிறது. ஒரு கூர்முனையில் பாரம் ஏறினால் முன்னறிவிப்பே இல்லாமல் உடைந்து நொறுங்கும். வீடு தாங்குகிற கல் வண்டியைத் தாங்காதா என்று கேட்பவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

டிராக்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. டிப்பர் டிரெய்லரின் தொட்டியைத் தூக்கிவிட்டு அடியில் கிரீஸ் வைப்பார்கள். அதுவும் எண்ணெய் அழுத்தத்தில்தான் நிற்கிறது. ஹோஸ் வெடித்தால் கண் இமைக்கும் நேரத்தில் இறங்கிவிடும். அதற்கென்று உள்ள முட்டுக் கம்பியை நிறுத்தாமல் தலையை உள்ளே விடக்கூடாது. பயணிகள் ஆட்டோவை நாலு பேர் சேர்ந்து சாய்த்துக் குச்சி முட்டுக் கொடுக்கும் பழக்கமும் இதே ரகம்தான்.

தனியாக ஆள் வேலை செய்யக்கூடாது. பக்கத்தில் நிற்பவரிடம் போன் இருக்கட்டும். வண்டி விழுந்து ஆள் சிக்கிக்கொண்டால் உடனே சத்தம் போட்டு ஆட்களைக் கூப்பிட்டு 108-க்குப் போன் செய்யுங்கள். சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, இன்னொரு ஜாக்கியாலோ எல்லோரும் சேர்ந்தோ தூக்குங்கள். தூக்கத் தூக்கப் பலகை செருகிக்கொண்டே வாருங்கள். காலைப் பிடித்து இழுக்க வேண்டாம், முதலில் பாரம் நெஞ்சை விட்டு எழும்பட்டும்.

நல்ல ஸ்டாண்டு ஒரு ஜோடி வாங்க வீட்டில் மனசு வராது. தினமும் தேவைப்படாத பொருள்தானே. குழுவில் மூன்று பேர் வண்டி வைத்திருந்தால் பொதுவில் ஒரு ஜோடி வாங்கி ஒருவர் வீட்டில் வைக்கலாம். வண்டிக் கடன் விண்ணப்பத்தின்போதே இதையும் செலவுக் கணக்கில் சேர்ப்பது நல்லது என்பது எங்கள் கருத்து. கூடவே, வீட்டுக்காரரும் மகனும் பிரதமர் விபத்துக் காப்பீட்டில் சேர்ந்திருக்கிறார்களா என்று பாருங்கள். 2015-ல் 12 ரூபாயாக ஆரம்பித்தது, 2022 முதல் ஆண்டுக்கு 20 ரூபாய். 18 முதல் 70 வயது வரை சேமிப்புக் கணக்கு வைத்துள்ள யாரும் சேரலாம், விபத்து மரணத்துக்கு 2 லட்ச ரூபாய். மே மாதக் கடைசியில் கணக்கில் பணம் இருந்தால்தான் புதுப்பிக்கப்படும்.

அடுத்த குழுக் கூட்டத்தில் பேச:
உங்கள் வண்டியின் ஜாக்கி எத்தனை டன், எண்ணெய் கசிகிறதா?
உங்கள் தெருவில் வண்டி தூக்கத் தோதான கெட்டித் தரை எங்கே இருக்கிறது?
யார் வீட்டு வண்டி இப்போது ஹாலோ பிளாக் மேல் நிற்கிறது?