ஏழு நாள் மௌனம்

வாசிக்க: யோபு 2:11–13, 42:7



யோபைத் தேற்ற வந்த எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் மூவரையும் நாம் பிரசங்கங்களில் குறைகூறியே பழகிவிட்டோம். ஆனால் வந்த புதிதில் அவர்கள் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். ஏழு நாளும் அவன் பக்கத்தில் தரையிலே அமர்ந்து வாய் திறவாதிருந்தார்கள். பேசத் தொடங்கியபோதுதான் தவறினார்கள். அவன் பாடுகளுக்குக் காரணமான பாவத்தைத் தேடினார்கள். முடிவில் ஆண்டவர் கடிந்துகொண்டது அவர்களைத்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தாயார் தம் மகனை எங்களிடம் அழைத்து வந்தார். வயது இருபத்திரண்டு, வாலிபர் கூட்டத்தில் கீபோர்டு வாசிக்கிற பிள்ளை. தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை. "ஐயா, இவனுக்குப் பெண்கள்மேல் நாட்டமில்லையாம். ஜெபம்பண்ணி விடுவித்துவிடுங்கள்" என்றார். நாங்களும் அவனிடம் ஒரு கேள்வியும் கேளாமல், வேதத்தைத் திறந்து அரைமணி நேரம் பேசி, தலைமேல் கைவைத்து ஜெபித்து அனுப்பினோம். அவன் எல்லாவற்றிற்கும் தலையாட்டினான். பத்தாம் நாள், உயிரை மாய்த்துக்கொள்ள முயன்ற நிலையில் அவசரப் பிரிவுக்குக் கொண்டுவந்தார்கள்.

மருத்துவர்களும் செவிலியரும் போராடி அவனைக் காத்தார்கள். வார்டில் அவன் சொன்னான்: "ஐயா, நீங்கள் செய்த அதே ஜெபத்தை மூன்று வருஷமாய் நானும் செய்தேன்."

நாங்கள் செமினரியில் படித்த நாளில் இதைக் குறித்து ஒரு மணி நேரப் பாடம்கூட இல்லை. ஆகவே எங்கள் மனநல மருத்துவரிடம் போய்ப் படித்தோம். தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973இலும், உலக சுகாதார நிறுவனம் 1990இலும் நீக்கிவிட்டன. சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் 21 முதல் 25 வயதுள்ள 224 பேரிடம் நடத்தி 2009இல் வெளியான ஆய்வில், வீட்டாரால் மிகவும் வெறுத்து ஒதுக்கப்பட்டவர்களிடம் தற்கொலை முயற்சி எட்டு மடங்குக்கும் அதிகமாயிருந்தது.

எங்களை அதிகம் உறுத்தியது மற்றொன்று. அமெரிக்கக் கல்லூரி மாணவரைப் பற்றி 2018இல் வெளிவந்த ஆய்வு அது. மதம் தமக்கு முக்கியம் என்ற மற்ற மாணவருக்கு அந்தப் பற்றுதல் தற்கொலை முயற்சிக்கு எதிரான காவலாகக் காணப்பட்டது. தன்பாலீர்ப்புள்ளவர்களிடமோ, மதப்பற்று மிகுந்த இடத்தில் தற்கொலை எண்ணமும் மிகுந்திருந்தது. இது அதற்குக் காரணம் என்று இதைக்கொண்டு தீர்ப்புச் சொல்ல முடியாதுதான். ஆனாலும் மருந்தென்று நாம் கொடுப்பது அவர்களுக்கு எப்படிப் போய்ச் சேருகிறது?

"மாற்றிவிடலாமே" என்று சிலர் இன்றும் எழுதுகிறீர்கள். அதையே ஊழியமாக 1976இல் தொடங்கிய எக்ஸோடஸ் இன்டர்நேஷனல் 2013இல் மூடப்பட்டது. அதன் தலைவர் ஆலன் சேம்பர்ஸ் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். மருத்துவத்தால் மாற்ற முயல்வதைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் தடைசெய்தது. 2022இல் தேசிய மருத்துவ ஆணையம் அதை மருத்துவருக்குரிய ஒழுங்கீனம் என்று அறிவித்தது.

வேத வியாக்கியானத்தில் நம் சபைகளுக்குள் ஒருமனமில்லை. இந்தப் பக்கத்தில் அதைத் தீர்க்க நாங்கள் முற்படவில்லை. இப்போது அப்படி ஒரு பிள்ளை வந்தால், முதலில் "தூங்கினாயா, சாப்பிட்டாயா?" என்று கேட்கிறோம். சாக எண்ணம் உண்டா என்றும் நேராகவே கேட்கிறோம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாய் வந்துவிடாது. ஜெபம், அவன் கேட்டால்.

அவன் வீடு திரும்பும் நாளில் தாயார் வராந்தா பெஞ்சில் எங்கள் அருகே வந்து உட்கார்ந்தார். வெகுநேரம் அவரும் பேசவில்லை, நாங்களும் பேசவில்லை. பிறகு, "அவனுக்கு இட்லி வாங்கி வருகிறேன், ஐயா" என்று எழுந்து போனார்.